மச்சாளின் இடப் பக்கம்

கல்யாணம் முடித்து நான் லண்டன் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்தபோது அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். என் கணவர் நிலத்தடி ரயில் ஓட்டுநர். நேரம் காலம் இல்லாமல் ஷிப்டுக்குப் போய்வருவார். மாமி, அவருடைய அம்மா, வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் வானொலியைப் போட்டு வைத்திருப்பார். மூன்றாவது ஆள் மச்சாள், என் கணவரின் ஒரே தங்கை, என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் பெரும்பாலும் மேல்மாடியில் தன் அறைக்குள்ளேயே இருந்தாள்.

அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பது கல்யாணம் பேசும்போதே எனக்குத் தெரியும். விழித்திரை நோய். பள்ளிக்கூடக் காலத்தில் இருட்டில் மட்டும் தடுமாறினாள். பிறகு பக்கவாட்டுப் பார்வை குறைந்து, உறிஞ்சு குழாய்க்குள்ளால் உலகத்தைப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் வந்த நேரம் வெளிச்சம் எது, நிழல் எது என்ற அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. அவள் ஓட்டக்காரியாக இருந்தவள் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது பேசாத விஷயம்.

நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தவள். இங்கிலீஷ் அப்போது எனக்குப் பாதிதான் வரும். மச்சாளுக்குத் தமிழ் பாதிதான் வரும். "சாப்பிடு", "வா", "சும்மா இரு" என்று அம்மா மகளுக்குச் சொல்கிற தமிழ் அவளிடம் இருந்தது, அதற்கு மேல் தயங்கித் தயங்கித்தான் வரும். ஆகவே முதல் சில மாதங்கள் நாங்கள் ஒருவரையொருவர் "மச்சாள்" என்று கூப்பிட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமலே இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை மாமி எங்கள் இருவரையும் டூட்டிங்குக்கு மரக்கறி வாங்க அனுப்பினார். மச்சாளை வீட்டை விட்டு வெளியே எடுப்பதற்கு மாமி கண்டுபிடித்த சாட்டு அது. மச்சாள் வெள்ளைத் தடியை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். பெரிய தெருவுக்கு வந்ததும் தரிப்பில் பஸ் ஒன்று நிற்பதைக் கண்டேன்.

"பஸ் நிக்குது. அடுத்ததில போவம்," என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"ஒரு பத்து வீட்டுத் தூரம் இருக்கும்."

"நடுவில ஆக்கள் நிக்கினமோ?"

"இல்லை. ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஓடுவம்."

முழங்கையில் இருந்த அவள் கை என் மணிக்கட்டுக்கு இறங்கியது. யோசிக்க நேரமில்லாமல் நானும் ஓடினேன். முதல் இரண்டு அடிதான் தடுமாற்றம். பிறகு என் கால் விழும்போதே அவள் காலும் விழுந்தது. என் கை முன்னே போகும்போது அவள் கையும் போனது. பை தோளில் அடிக்க, என் சால்வை ஒரு பக்கம் பறக்க, பஸ்ஸின் கதவு மூடுகிற நேரம் இரண்டு பேரும் ஏறிவிட்டோம். சீட்டில் விழுந்து அவள் சிரித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரிப்பைச் சத்தமாகக் கேட்டது அன்றுதான்.

"மச்சாள், நீங்கள் ஓடியிருக்கிறியள்!"

"பள்ளிக்கூடத்தில. பிறகு ஒரு கிளப்பிலயும் கொஞ்ச நாள்."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

டூட்டிங் வரும்வரைக்கும் அவள் பாதி இங்கிலீஷிலும் பாதித் தமிழிலும் தன் கதையைச் சொன்னாள். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் பிடிக்க முடியாது. நூறு மீட்டரிலும் இருநூறு மீட்டரிலும் அவள் வயதுப் பெண்களில் தெற்கு லண்டனுக்கே முதல் ஆள். பதினெட்டு வயதில் ஒரு போட்டியில் தன் பாதையின் வெள்ளைக் கோடு அவள் கண்ணுக்கு மறைந்துபோனது. பக்கத்துப் பாதைக்குள் போய் அங்கே ஓடி வந்த பெண்ணோடு மோதி இருவரும் விழுந்தார்கள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு உடைந்தது. அன்றைக்குக் கழற்றிய ஓட்டத்துக்கான ஆணிச் சப்பாத்தை மச்சாள் பிறகு போடவில்லை.

"அவ அழுத சத்தம் இப்பவும் கேக்கும்," என்றாள். பிறகு வெங்காயம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.

திரும்பி வந்த அன்று பின்னேரமே அவள் தன் பழைய பயிற்சியாளருக்குப் போன் எடுத்தாள். ஐம்பது தாண்டிய ஒரு வட இங்கிலாந்துப் பெண் அவர். குரல் கரகரவென்று இருக்கும், அதிகம் பேசமாட்டார். "நான் எத்தனை வருசம் இந்தப் போனுக்குக் காத்திருக்கிறன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாராம். பார்வையில்லாத ஓட்டக்காரர்களுக்குத் தனிப் போட்டிகள் உண்டு, கூடவே ஒருவர் வழிகாட்டியாக ஓடலாம், அதற்கு வேகமான ஒரு ஆள் வேண்டும் என்றாராம். மச்சாள் போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வேலை ஏதும் இருக்கோ?"

நானும் சிறுமியாக ஊரில் போட்டிகளில் ஓடியவள் என்று பஸ்ஸில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். எனக்கு அப்போது எந்த நாளும் வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் பயிற்சியாளர் ஒரு பழைய சப்பாத்து லேஸை எடுத்து இரண்டு பக்கமும் வளையம் முடிந்து தந்தார். ஒரு வளையம் என் வலக் கை விரல்களில், மற்றது மச்சாளின் இடக் கை விரல்களில். நடுவில் ஒரு சாண் கயிறு. நான் எப்போதும் அவளுடைய இடப் பக்கம். சட்டங்களைச் சுருக்கமாகச் சொன்னார்: இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக் கோட்டை அவளுக்கு முன்னால் நான் தாண்டக் கூடாது. அவள் ஓட்டக்காரி. நான் அவளுடைய கண், அவ்வளவுதான்.

சொல்ல லேசாக இருந்தது. நான் அவளுக்குக் கண்ணாடி உருவம் மாதிரி ஓட வேண்டும். அவள் வலக் காலை எடுக்கும்போது நான் இடக் காலை எடுக்க வேண்டும். அப்போதுதான் கட்டிய கைகள் ஒன்றாக வீசும். பஸ்ஸுக்கு ஓடியபோது யோசிக்காமல் வந்தது, இப்போது யோசித்ததும் வரவில்லை. முழங்கைகள் மோதின. அவள் காலில் என் கால் பட்டு இருவரும் விழுந்தோம். எழும்பி மறுபடி ஓடினோம், மறுபடி விழுந்தோம். தாளம் கைக்கு வர அந்தக் கோடைகாலம் முழுக்கப் போனது.

மொழிதான் பெரிய பிரச்சினை. ஓடும்போது நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்: எப்போது உடம்பை நிமிர்த்துவது, எப்போது வளைவு வருகிறது, எப்போது முடிவுக் கோட்டில் நெஞ்சை முன்னால் கொடுப்பது. மூச்சு வாங்க ஓடும்போது என் வாயில் இங்கிலீஷ் வரவில்லை, ஜெர்மன் வந்தது. ஒரு நாள் இடப் பக்கம் என்பதை ஜெர்மனில் கத்தி அவளைப் புல்லுக்குள் கொண்டுபோய் விட்டேன். புல்லில் உட்கார்ந்துகொண்டு மச்சாள் சொன்னாள்:

"தமிழில சொல்லுங்கோ. அம்மா பேசுற மாதிரி. அம்மா பேசினா எனக்கு உடம்பே கேக்கும்."

அப்படித்தான் எங்கள் சொற்கள் பிறந்தன. எழும்பி நிமிர "நிமிர்". பாதையின் கோட்டுக்குக் கிட்டப் போனால் "உள்ள" அல்லது "வெளிய". திரும்ப "வளைவு". கடைசியில் நெஞ்சைக் கொடுக்க "இப்ப". ஐந்தே சொல்தான். பக்கத்துப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு எதுவும் விளங்காது என்பதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம். நாங்கள் மாறி மாறி "மச்சாள்" என்று கூப்பிடுவதைக் கேட்டு மைதானத்தில் இருந்தவர்கள் எங்கள் இருவருக்கும் ஒரே பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு பிரிட்டிஷ் அணியிலும் அதுவே பெயராகிவிட்டது. யாராவது "மச்சாள்" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவோம்.

மாமிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. மகளின் உரிந்த முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டே என்னை ஏசுவார்.

"பிள்ளை, அவளுக்குத்தான் கண் இல்லை. உனக்குமோ இல்லை? ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஓடுறதைக் கண்டிட்டு வந்து கோயிலில ஒரு மனிசி கேக்குது, உங்கட மருமகளுக்கு என்ன விசரோ, பைத்தியமோ எண்டு."

"அம்மா, அவவுக்கு விசர் இல்லை. எனக்குத்தான்," என்று மச்சாள் மாடியிலிருந்து கத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி ஒரே ரயிலில் ஆர்ச்வே வரைக்கும் போய் முருகன் கோயிலில் அர்ச்சனை செய்வார். மகளுக்கு எலும்பு முறியக் கூடாது என்று கும்பிடுகிறாரா, ஓட்டத்தை விட வேண்டும் என்று கும்பிடுகிறாரா என்று என் கணவர் கேலி செய்வார்.

உள்ளூர்ப் போட்டிகளில் வென்றாள். பிறகு நாட்டுப் போட்டியிலும் வென்றாள். அதற்குள் எனக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்திருந்தது; அது இல்லாமல் அவளோடு வெளிநாட்டில் ஓட முடியாது. அணியின் சட்டைகள் வந்த அன்று மச்சாள் தன்னுடையதை மடியில் விரித்து, கொடி எங்கே இருக்கிறது, எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மாமி வந்து அதைப் பறித்துக்கொண்டு போய், சுருக்கம் போக இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார்.

எங்கள் முதல் பெரிய சர்வதேசப் போட்டி ஜெர்மனியில் நடந்தது. நான் பிறந்த ஊரிலிருந்து ரயிலில் வரக்கூடிய தூரம்தான். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் காலம் முழுக்க வேலை செய்தவர். நான் சிறுமியாக ஓடிய காலத்தில் சனி ஞாயிறுகளில் அவருக்கு லீவு கிடைத்ததே இல்லை. நான் ஓடுவதை அவர் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தார், அதுவும் இன்னொரு நாட்டுச் சட்டையில், இன்னொருத்தியின் வழிகாட்டியாக.

எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கறுப்புக் கண்கட்டு கட்டுவார்கள். வெளிச்சம் தெரிகிறவருக்கும் எதுவும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு சோடிக்கும் இரண்டு பாதை. ஆகவே இறுதிப் போட்டியில் நான்கு சோடிகள்தான். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்வரை மைதானம் முழுக்க மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தில் மச்சாளின் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு ஓட்டம். "நிமிர்" என்றதும் "இப்ப" என்றதும் நினைவிருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று தெரியாது. மூன்றாவதாக வந்தோம். வழிகாட்டிக்கும் ஒரு வெண்கலப் பதக்கம் உண்டு.

அப்பா வந்து என் பதக்கத்தைப் பார்க்காமல் மச்சாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ர பிள்ளையை நல்லாப் பாத்துக்கொண்டனீங்கள்," என்றார். மச்சாள், "அங்கிள், அவதான் என்னைப் பாத்துக்கொண்டவ," என்றாள். "ரெண்டும்தான்," என்றார் அப்பா.

அதற்குப் பிறகான வருடங்களில் மச்சாள் மாறினாள். ஜிம்மில் தூக்குகிற எடை கூடியது. தோள் அகன்றது. பயிற்சியாளர் அவள் தொடக்கத்தை முழுக்க உடைத்துப் புதிதாகக் கட்டினார். நானும் அவளோடு எல்லாம் செய்தேன். ஆனால் என் உடம்பு ஒரு எல்லையில் நின்றுவிட்டது, அவளுடையது நிற்கவில்லை.

முதலில் எனக்குத்தான் தெரிந்தது. வழக்கமாகக் கயிறு தளர்ந்து இருக்கும். ஒரு பனிக்காலத்தில் கடைசி இருபது மீட்டரில் அது இறுகத் தொடங்கியது. அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சில வாரங்களில் கயிறு திரும்பவும் தளர்ந்தது. எனக்கு வேகம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு நாள் அவள் மூச்சைக் கவனித்தேன். ஓட்டம் முடிந்து எனக்கு மூச்சு இரைத்தது, அவளுக்கு இல்லை. அவள் எனக்காக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தாள்.

மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டேன். அந்த வருடங்களில் நான் அவளை "நீர்" என்று பேசப் பழகியிருந்தேன்.

"நீர் எனக்காக வேகத்தைக் குறைக்கிறீரோ?"

"இல்லை."

"மச்சாள், உண்மையைச் சொல்லும்."

"இல்லையெண்டு சொல்லுறன்."

"நான் உமக்குக் காணாது, என்ர வேகம் போதாது. வேற ஆளைப் பாக்க வேணும்."

பஸ் வந்து நின்றது. ஏறாமல் நின்றபடி சொன்னாள்:

"எனக்குக் காணும்."

அவ்வளவு மெதுவாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அடுத்த நாள் நான் பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என் தோளில் கையை வைத்து, "நானே சொல்ல வேண்டி வருமோ என்று பயந்துகொண்டிருந்தேன்," என்றார். இனி ஆண் வழிகாட்டிதான் அவளுடைய வேகத்துக்குச் சரிவரும் என்றும் சொன்னார்.

மச்சாள் ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தும், "அம்மா, உப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கோ," என்று மாமிக்குச் சொன்னாள். மாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பார். என் கணவர் ஷிப்டைச் சாட்டுச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது கதவு நிலையைத் தடவிக்கொண்டு அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"புது ஆளுக்கு ஆர் தமிழ் சொல்லிக் குடுக்கிறது?"

"நான்தான்."

"சரி," என்றாள். ஒரு துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது நனைந்திருப்பதைக் கண்டேன். அந்தத் துவாயைத் திரும்பத் தோய்க்கப் போட்டேன்.

புது வழிகாட்டி முப்பது வயதைத் தாண்டாத ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியர். உயரமான வெள்ளைக்காரர். முன்பு இருநூறு மீட்டர் ஓடியவர். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதும் மாமி கொதித்துப்போனார். இத்தனை வருடம் மகளிடம் என்னோடு ஓடாதே என்று சொன்னவர் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஏன் பிள்ளை விட்டனீ? இனி ஆரோ ஒரு ஆம்பிளையோட கையைக் கட்டிக்கொண்டு... அவன் விழுத்தினா ஆர் தூக்கிறது? அவனுக்கு இவளைப் பற்றி என்ன தெரியும்?"

"வந்து பாருங்கோ மாமி. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வாறம்."

அவர் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தார். மாமி கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். தேநீர் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் என்னிடம் திரும்பி, "அவனிட்டச் சொல்லு, முதல் என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மாமி மேசையில் கிடந்த கயிற்றை எடுத்து ஒரு வளையத்தைத் தன் விரல்களில் போட்டுக்கொண்டார். மற்றதை அந்த மனிதரிடம் நீட்டினார். குளிருக்குத் தன் தலையில் போட்டிருந்த கம்பளித் தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்து விட்டார். "தெருமுனை வரைக்கும் போய் வரட்டும். பாப்பம்."

அந்த மனிதர் கயிற்றைப் பிடித்து மாமியின் இடப் பக்கம் போய் நின்றார். இருவரும் வாசலைத் தாண்டினார்கள். நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன். மாமி முதல் அடியை வைக்க வெகுநேரம் எடுத்தார். காலால் நிலத்தைத் தடவித் தடவி நடந்தார். அந்த மனிதர் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். நடைபாதை எங்கே இறங்குகிறது, எங்கே குப்பைத் தொட்டி நிற்கிறது என்று இருக்க வேண்டும். மாமிக்கு அந்த இங்கிலீஷில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தெருமுனையில் நின்றார்கள். மாமி தொப்பியை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அப்படியே திரும்பி நடந்து வந்தார்.

வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றியபோது முகம் முழுக்க ஈரம்.

"மாமி, என்ன நடந்தது? விழுந்தியளோ?"

"இல்லை," என்றார். பிறகு, "இப்பிடித்தானே அவள் ஒவ்வொரு நாளும்," என்றார்.

உள்ளே போய் அந்த மனிதருக்கு இன்னொரு தேநீர் ஊற்றினார். மச்சாள் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி அவளைத் தாண்டிப் போகும்போது அவள் தலையில் கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். அதற்குப் பிறகு மாமி ஓட்டத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

ஐந்து சொற்களையும் நான் புது வழிகாட்டிக்குப் படிப்பித்தேன். "இப்ப" லேசாக வந்தது. "நிமிர்" பரவாயில்லை. "வளைவு" மட்டும் வரவே இல்லை. "வலைவு" என்றுதான் சொல்வார். மாமி சமையலறையிலிருந்து, "அதைக் கேக்க மீன் பிடிக்கப் போற மாதிரி இருக்கு," என்பார். மச்சாள் அது போதும் என்றாள். அவளுக்கு விளங்கினால் சரி.

அவர்கள் சேர்ந்து ஓடிய முதல் சர்வதேசப் போட்டி லண்டனிலேயே நடந்தது. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். மாமியும் கணவரும் நானும் கிழக்கு லண்டனுக்குப் போய்ப் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்தோம். கையில் எதுவும் கட்டாமல் ஒரு மைதானத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது. வலக் கை விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தேன்.

இருநூறு மீட்டர். துப்பாக்கி வெடித்தது. வளைவிலிருந்து அவர்கள் வெளியே வந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் ஓடுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எத்தனை வருடம், எத்தனை மைதானம், ஒரு சாண் தூரத்தில் கூடவே ஓடியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் முன்னால் இருந்த பாதையைத்தான். அவளைப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

அன்று பார்த்தேன். அவள் கழுத்து நீண்டு, முகம் கொஞ்சம் மேலே பார்த்தபடி இருந்தது, முகத்தில் மழைத்துளி விழுவதற்குக் காத்திருக்கிறவளைப் போல. தாடை தளர்ந்திருந்தது. வலக் கை வீசும்போது கட்டை விரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நின்றது. கால்கள் நிலத்தில் பட்டதாகவே தெரியவில்லை. பயம் அவளிடம் எங்குமே இல்லை. கறுப்புத் துணி கட்டிய அந்த முகத்தில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டாவதாக வந்தாள். மாமி ஆசனத்தின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் முடிவைப் பலகையில்தான் பார்த்தேன்.

வெளியே எங்களிடம் வர அவளுக்கு வெகுநேரம் ஆனது. வெள்ளிப் பதக்கத்தை மாமியின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மச்சாள், எப்பிடி இருந்தது?"

"நல்லா ஓடினீர்."

"அது இல்லை. நான் ஓடேக்க எப்பிடி இருப்பன்? ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. கண் தெரிஞ்ச காலத்திலயும் நான் என்னைப் பாத்ததில்லை."

ரயிலில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் சொன்னேன். கழுத்து, தாடை, கட்டை விரல். அவள் கட்டை விரலை நிமிர்த்தி, "இப்பிடியோ?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம்," என்றேன். மழைக்குக் காத்திருக்கிற முகம் என்று சொன்னதும் வெட்கப்பட்டு என் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். "திரும்பச் சொல்லுங்கோ," என்றாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

தங்கம் அடுத்த வருடம் வந்தது, தூரத்தில் ஒரு நாட்டில். என் மகள் அப்போது கைக்குழந்தை. நாங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். மாமியால் பார்க்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். குழாயை அவர் மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அம்மா, வெண்டிட்டாள்!" என்று என் கணவர் ஓடிப்போய்ச் சொன்னபோது, "ஆர்?" என்று கேட்டாராம். அன்றைக்கு வழிகாட்டிக்கும் தங்கம் கிடைத்தது. எனக்கு அதில் ஒரு சின்ன வலி இருந்தது என்றால் பொய்யில்லை. ஆனால் அவள் கோட்டில் நெஞ்சைக் கொடுத்தபோது அந்த மனிதரின் வாய் "இப்ப" என்று அசைவதைத் திரையில் கண்டேன். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சியில் அவளுடைய பின்தொடைத் தசை கிழிந்தது. ஆறி, திரும்ப வந்து, திரும்பக் கிழிந்தது. கடைசியாக ஓடிய இறுதிப் போட்டியில் நான்காவதாக, அதாவது கடைசியாக வந்தாள். அன்று இரவே பயிற்சியாளருக்குப் போன் எடுத்து, போதும் என்று சொன்னாள். அழவில்லை. அவர்தான் அழுதாராம்.

ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவள் பிசியோதெரபி படித்திருந்தாள். இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை. வெம்பிளியில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாள். இப்போது அவளிடம் ஒரு பழுப்பு நிற வழிகாட்டி நாய் இருக்கிறது. அதற்கும் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தாள், அது கேட்கவில்லை.

மாமி மாதத்தில் சில நாள் அங்கே போய் நிற்பார். அங்குதான் இப்போதைய சண்டைகள். மச்சாளுக்குச் சமையலறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. கையை நீட்டினால் அது அங்கே இருக்க வேண்டும். மாமி எடுத்த எதையும் எடுத்த இடத்தில் வைத்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது.

"மச்சாள், அம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. தேத்தண்ணிக்கு மிளகாய்த்தூள் போட்டுக் குடிச்சிட்டன்."

பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "நான் போகேல்லை. இன்னும் ரெண்டு நாள் நிப்பன். நாளைக்கு இவளுக்கு லீவு."

"அப்ப நாளைக்கு நாங்களும் வாறம்," என்றேன்.

"வாங்கோ," என்றாள் மச்சாள். "வரேக்க சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ. எங்கட சீனி எங்க இருக்கெண்டு இப்ப கடவுளுக்கும் தெரியாது."